ஒப்புதலுக்கு உட்பட்டு

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்று எங்கள் நகரசபை அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லட்டும். பதினாலு வருஷமாகத் தீர்மானப் புத்தகம் எழுதுகிறவளுக்குக் கோபம் வராமல் வேறு யாருக்கு வரும்? உறுப்பினர்கள் பதினைந்து பேர் மூன்று மணி நேரம் பேசித் தீர்ப்பார்கள். அத்தனையையும் வடிகட்டி மூன்று வரியில் நான் எழுத வேண்டும். மறுநாள் அதைத் தட்டச்சு செய்து, அடியில் முத்திரை குத்தி, மாகாணத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அதற்கப்புறம் அது கிணற்றில் போட்ட கல்தான்.

பூங்கா பெஞ்சுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம் என்று தீர்மானம் போட்டு மூன்று வருஷம் ஆகிறது. மாகாண அரசிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. பெஞ்சே மட்கிப் போய்விட்டது. நூலகத்துச் சுவர்க்கடிகாரத்தை வாசல் பக்கம் மாற்றி மாட்டலாமா என்று எழுதிக் கேட்டது போன தேர்தலுக்கும் முந்தி. "நம்ம தலை மேல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்கவே மாட்டேங்கறாங்களே!" என்று தினமும் ஒரு தடவையாவது தலைநகரைத் திட்டிவிட்டுத்தான் நான் காலை டீயைக் குடிப்பேன்.

இப்படித் திட்டிக்கொண்டே ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டியிருப்பேன். ஆனால் பதில் வராத தீர்மானங்களில் ஒன்று என் தங்கச்சி சம்பந்தப்பட்டதாகப் போய்விட்டது.

அவளுக்கு மொத்தக் காய்கறிச் சந்தையில் பதினேழாம் நம்பர் கடை. ஆறு வருஷம் பட்டியலில் காத்திருந்து வாங்கிய கடை. காலை ஐந்தரைக்குள் ஷட்டரைத் தூக்கியாக வேண்டும் என்பது சந்தை விதி. வருஷத்தில் மூன்று தடவை தவறினால், பட்டியலில் அடுத்து நிற்கிறவருக்குக் கடை போய்விடும். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை தவறிவிட்டது. இரண்டு தடவையும் காரணம் பிள்ளைக்குக் காய்ச்சல்.

பிள்ளைக்கு மூன்று வயது. நல்ல பேர் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. வாண்டு என்றால்தான் ஓடிவரும். அதன் அப்பா தொலைதூர லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் ஒரு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். நான் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என் வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் முதல் பஸ் வருவதே ஆறரைக்கு. சந்தைக்கு எதிரிலேயே நகரசபையின் குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. மஞ்சள் கட்டடம், தொட்டில் வரிசை, பொம்மை அலமாரி, எல்லாம் இருக்கிறது. ஆனால் திறப்பது எட்டு மணிக்கு. அது வரைக்கும் வாண்டு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு காலிப் பெட்டியில் சாக்கை விரித்துத் தூங்கும்.

சந்தையில் வேலை செய்கிற பெண்கள் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்கள். காப்பகத்து ஆயாக்கள் இருவர் முறை போட்டுக்கொண்டு சீக்கிரம் வர ஒப்புக்கொண்டார்கள். காலை ஐந்து மணிக்கே காப்பகத்தைத் திறக்கலாம் என்று சபை ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தில் கையெழுத்தே தனி அழகாக விழுந்தது. முத்திரை குத்தித் தலைநகருக்கு அனுப்பினேன். பதினோரு மாதம் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தங்கச்சி அலுவலகத்துக்கு வந்தாள். என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்த வாண்டை மடியில் சரித்துக்கொண்டாள்.

"காலைல லாரி ரிவர்ஸ் எடுத்துச்சு. இவ தூங்கற பெட்டி மேலயே ஏறிடுச்சு."

நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "ஐயையோ, என்னடி சொல்ற?"

"அப்பதான் இவ ஒண்ணுக்கு வருதுன்னு எழுந்து வந்தா. நான் அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா பெட்டி அப்பளமா நொறுங்கிக் கிடக்கு. ரெண்டு நிமிஷம்க்கா. அவ்வளவுதான்."

அவள் அழவில்லை. அழுதது நான்தான். கைப்பையிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து அவள் என் மேஜைமேல் வைத்தாள். உள்ளே கடைச் சாவி இருந்தது. கூடவே சந்தைக் கண்காணிப்பாளருக்கு ஒரு கடிதம்.

"ஒண்ணாந்தேதி இதைக் குடுத்துட்டு வந்துடப் போறேன். கடையா புள்ளையான்னா நான் என்னத்தக்கா யோசிக்கறது?"

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்ல? அதுக்குள்ள குடுத்துத் தொலைச்சுடாதே," என்றேன். குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

மறுநாள் லீவு போட்டுவிட்டுத் தலைநகருக்கு பஸ் ஏறினேன். நாலு மணி நேரப் பயணம். வழியெல்லாம் அவர்களை என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க ஏழு கேள்வி தயாராக இருந்தது.

உள்ளாட்சித் துறை மூன்றாவது மாடியில். எங்கள் பகுதிக்கான அதிகாரி என் வயசுப் பெண். ஜலதோஷத்தில் மூக்கு சிவந்திருந்தது, கையில் கைக்குட்டை. ஊர்ப் பேரைச் சொன்னதுமே எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்களா! வாங்கம்மா, வாங்க. ஒண்ணு காட்டறேன்."

பக்கத்து அறைக் கதவைத் திறந்தார். சுவரோரமாக இரும்பு அலமாரிகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு நகரசபையின் பேர். மற்ற ஊர்களுக்கெல்லாம் ஒவ்வொரு தட்டுதான். எங்கள் ஊருக்கு மட்டும் மூன்று அலமாரி, அதுவும் போதாமல் தரையில் சாக்கு மூட்டைகள்.

"மத்த ஊர்லருந்து வருஷத்துக்கு நாலு கோப்பு வருது, அஞ்சு வருது. உங்க ஊர்லருந்து மாசத்துக்கு இருபது. குளத்துல வாத்து விடலாமான்னு எங்களைக் கேட்டிருக்கீங்க. நாங்க என்னம்மா பதில் சொல்றது?"

நான் என் முதல் கேள்வியை எடுத்துவிட்டேன். "பதில் சொல்லாம ஊரையே அந்தரத்துல தொங்கவிட்டுட்டு என்கிட்ட கோவிச்சுக்கறீங்களா? ஒரு காப்பகத்தைத் திறக்கற நேரத்துக்கு ஒப்புதல் தர பதினோரு மாசமா?"

"பதினோரு வருஷம் ஆனாலும் தர முடியாது. அந்த அதிகாரமே எங்களுக்கு இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு தும்மல் போட்டு முடித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி விரலை மடக்கிச் சொன்னார். நகரசபை நிலத்தை விற்பது, வரியை ஏற்றுவது, கடன் வாங்குவது, ஊர் எல்லையை மாற்றுவது, இந்த நாலுக்குத்தான் மாகாணத்தின் ஒப்புதல் வேண்டும். மற்றதெல்லாம் நகரசபையின் சொந்த முடிவு. தகவலுக்கு ஒரு பிரதி அனுப்பினால் போதும். அது சட்டத்துக்கு விரோதமாக இருந்தால் முப்பது நாளுக்குள் மாகாணம் ரத்து செய்யலாம். இல்லையென்றால் அது பாட்டுக்கு நடக்கும்.

"அப்புறம் எங்க தீர்மானம் மட்டும் ஏன் நடக்க மாட்டேங்குது?"

"நீங்களே நடக்க வேணாம்னு எழுதி அனுப்பறீங்களே!"

எங்கள் காப்பகத் தீர்மானத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். என் தட்டச்சு. அடியில் ஊதா மையில் அந்த முத்திரை: 'இத்தீர்மானம் மாகாண அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டே நடைமுறைக்கு வரும்.'

"இந்த ஒரு வரி இருக்கே, இதுதான். எங்க ஒப்புதல் வந்தாத்தான் நடக்கும்னு உங்க சபையே முடிவு பண்ணிடுச்சு. ஒப்புதல் தரவோ எந்த விதியிலயும் எங்களுக்கு இடமில்ல. இல்லாத அதிகாரத்துல நான் எங்க கையெழுத்துப் போடறது? பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை, 'ஒப்புதல் தேவையில்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிச்சோம். அப்ப இருந்த உங்க செயலாளர் என்ன பண்ணார் தெரியுமா? 'ஒப்புதல் தேவையில்லை என்பதற்கு ஒப்புதல் தருக'ன்னு பதில் போட்டார். அதுக்கும் கீழே இதே வரி!"

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த முத்திரையைச் செய்யச் சொன்னதே நான்தான். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால், சபை ஒரு மைதானத்தை மாகாணத்தைக் கேட்காமல் விற்றுவிட்டதாம். விற்பனை ரத்தாகி, அன்றைய செயலாளருக்கு வேலையே போனது. அடுத்து வந்தவர் பயந்துபோய் எல்லாத் தீர்மானத்துக்கும் அடியில் இந்த வரியைச் சேர்த்தார். நான் சேர்ந்த அன்று பழைய புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதைப் பார்த்து எழுது என்றார்கள். எழுதினேன். ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்கிற வாய் அதை மட்டும் கேட்கவில்லை. ஆறு வருஷம் கையால் எழுதினேன். மணிக்கட்டு வலிக்கிறது என்று எட்டு வருஷத்துக்கு முன்னால் நானே மனுப்போட்டு ரப்பர் முத்திரை வாங்கினேன். வாண்டு தூங்கிய பெட்டியை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது என் கைதான் என்று தோன்றியது. அவமானமாக இருந்தது. அந்த அதிகாரியின் முன்னாலேயே அழுதேன்.

அவர் கைக்குட்டையை நீட்டப் பார்த்து, அதன் நிலைமையைக் கவனித்து, திரும்ப வைத்துக்கொண்டார். டீ வரவழைத்தார்.

"இந்த வரியை நான் இப்ப அடிச்சுட்டா?" என்று கேட்டேன்.

"நிறைவேறின தீர்மானத்துல நீங்களும் கை வைக்க முடியாது, நானும் முடியாது. புதுசா ஒண்ணு போடுங்க, இந்த வரி இல்லாம. தேதி குறிச்சு நடைமுறைப்படுத்துங்க. பிரதி எனக்கு வரட்டும். ஆனா ஒண்ணு. சட்ட விரோதமா ஏதாவது இருந்தா முப்பது நாளுக்குள்ள ரத்து பண்ணுவோம். அது எங்க வேலை. அதுல தயவு தாட்சண்யம் பாக்க மாட்டேன்."

ஊர் திரும்பி நேராகச் செயலாளர் அறைக்குப் போனேன். அவருக்கு அலுவலகத்தில் 'பார்க்கலாம் சார்' என்று பேர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு பதில்தான் வரும். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"பார்க்கலாம்மா."

"பார்க்கறதுக்கு நேரமில்ல சார். இருபத்தேழாந்தேதி கூட்டம். ஒண்ணாந்தேதி என் தங்கச்சி கடையைக் குடுத்துடுவா."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அந்த மைதானம் வித்த மனுஷன் கடைசி வரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்சதை நான் கண்ணால பாத்தவன். அவங்க வாயால சொல்லுவாங்கம்மா. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா வாயால சொன்னது நிக்குமா? அந்த வரி இருந்துட்டுப் போகட்டும். அது நமக்கு ஒரு பாதுகாப்பு."

அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை. நானும் அதே வரிக்கு அடியில்தானே பதினாலு வருஷம் பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்?

இருபத்தேழாம் தேதி கூட்டத்தில் சபைத் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் தொழிலால் பல் டாக்டர், அவரிடம் வாயைத் திறக்காத உறுப்பினர் எங்கள் சபையில் இல்லை. நான் போய்க் கேட்டுக்கொண்டபடி சந்தைப் பகுதி உறுப்பினர் புதுத் தீர்மானத்தை முன்மொழிந்தார். காப்பகம் ஒன்றாம் தேதி முதல் காலை ஐந்து மணிக்குத் திறக்கும். நான் வாசித்து முடித்து நிறுத்தினேன். செயலாளர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"வழக்கமான வரி விட்டுப்போச்சுங்க. 'ஒப்புதலுக்கு உட்பட்டு'..."

தீர்மானம் எழுதுகிறவள் கூட்டத்தில் பேசக்கூடாது. அவளுக்குக் காதும் கையும் மட்டும்தான். அன்று நான் எழுந்து நின்றேன்.

"விட்டுப்போகலைங்க. நான்தான் விட்டேன். இத்தனை வருஷமா அதை எழுதினதும் நான்தான். அந்த வரி நமக்குத் தேவையே இல்ல. தலைநகர் நம்மளை நிறுத்தி வைக்கல. நாமளே நம்மளை நிறுத்தி வெச்சிருக்கோம். இது என் தப்பு. என் மேல நடவடிக்கை எடுக்கணும்னா எடுங்க. ஆனா இதை மட்டும் நிறைவேத்துங்க."

ஒரே சலசலப்பு. சபையைக் கலைத்துவிடுவார்கள் என்றார் ஒருவர். இவள் யார் நமக்குச் சட்டம் சொல்ல என்றார் இன்னொருவர். பல் டாக்டர் மேஜையைத் தட்டினார்.

"செயலாளரே, அந்த வரியைச் சேர்க்கணும்னு சட்டத்துல எங்க இருக்கு? வாசிங்க, கேப்போம்."

பார்க்கலாம் சார் நகரசபைச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். நாற்பத்தொன்றாம் பிரிவை விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். நிலம், வரி, கடன், எல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார். திரும்பி வந்தார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இல்லாததை இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவரால் அன்றைக்குத் தப்பித்திருக்க முடியும். யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மனுஷன் பொய் சொல்லத் தெரியாத ஆள்.

"இதுல இல்லைங்க," என்றார்.

"இத்தனை வருஷமா வாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நாற்காலில உக்காந்திருக்கோம். டாக்டர் வருவார், வருவார்னு. டாக்டரே நாமதான்," என்றார் தலைவர். "வாக்கெடுப்புக்கு விடறேன்."

பதினொரு கை உயர்ந்தது. நாலு பேர் பயத்தில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது, ஆனால் விழுந்துவிட்டது.

முப்பதாம் தேதி சாயங்காலமே தங்கச்சி வீட்டுக்குப் போய்த் தங்கினேன். "ஒண்ணாந்தேதி காப்பகம் திறந்தா நீ சாவியைக் குடுக்கக்கூடாது, சரியா?" என்றேன். அவளுக்கு நம்பிக்கையே இல்லை. "திறந்துட்டு அடுத்த வாரம் மூடிட்டா? முப்பது நாளுக்குள்ள ரத்து பண்ணலாம்னு நீதானே சொன்னே? அது முடியட்டும். அது வரைக்கும் சாவி உறையிலயே இருக்கட்டும்," என்றாள். அது ஒருவிதத்தில் நியாயமாகத்தான் பட்டது.

விடிவதற்கு முன்னால் மூவருமாக நடந்து போனோம். மஞ்சள் கட்டடத்தில் விளக்கு எரிந்தது. வாசலில் ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. சரியாக ஐந்து மணிக்கு ஆயா கதவைத் திறந்தார். வாண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பொம்மை அலமாரிக்கு ஓடியது. தங்கச்சி ஐந்து நிமிஷம் வாசலிலேயே நின்றாள். அப்புறம் உறையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் ஐந்தேகாலுக்கெல்லாம் ஷட்டரைத் தூக்கினாள். திறந்துவிட்டுச் சாவியை மறுபடியும் உறையில் போட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் நாங்கள் முப்பது நாளை எண்ண ஆரம்பித்தோம். செயலாளர் மேஜை நாள்காட்டியில் தினமும் ஒரு கோடு கிழித்தார். தபால்காரர் படியேறினால் இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குவோம். நான் தலைநகரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். டீ ருசிக்கவேயில்லை.

இருபத்தாறாம் நாள் மாகாண அரசின் வேன் ஒன்று அலுவலக வாசலில் வந்து நின்றது. டிரைவர் இறங்கிச் சாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாகப் படியில் அடுக்க ஆரம்பித்தார். பத்து, பதினைந்து, இருபத்திரண்டு. பார்க்கலாம் சார் பேயறைந்த மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டிரைவர் அரசு முத்திரை போட்ட கடிதம் ஒன்றை அவரிடம் நீட்டினார். அவர் கையில் வாங்காமல் என்னைக் காட்டினார். நான் பிரித்தேன்.

"படிம்மா, நல்லதோ கெட்டதோ," என்றார்.

சத்தமாகப் படித்தேன். 'காப்பக நேரம் குறித்த தங்கள் தீர்மானம் பெறப்பட்டு, பரிசீலிக்கப்பட்டது. சட்டத்துக்கு முரணாக எதுவும் இல்லை. இத்துடன், தங்கள் அதிகாரத்துக்குள்ளேயே உள்ள மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு தீர்மானங்கள் திருப்பி அனுப்பப்படுகின்றன. இவற்றின் மீது தாங்களே முடிவெடுத்துக்கொள்ளலாம்.' கீழே அந்த ஜலதோஷ அதிகாரியின் கையெழுத்து. அதற்கும் கீழே பேனாவால் ஒரு வரி: 'வாத்து விடுங்கள்.'

பார்க்கலாம் சார் படிக்கட்டில் மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலே இருந்த காகிதத்தை எடுத்தார். "நூலகக் கடிகாரம்," என்றார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஆணி இருக்காம்மா நம்மகிட்ட? இன்னிக்கே மாட்டிடலாம்."

அவர் வாயிலிருந்து 'பார்க்கலாம்' வராத முதல் நாள் அது.

நான் என் மேஜை இழுப்பறையிலிருந்து அந்த ரப்பர் முத்திரையையும் ஊதா மைப்பெட்டியையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். மதியம் இரண்டு மணி. தங்கச்சி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காப்பகத்திலிருந்து வந்திருந்த வாண்டு முட்டைக்கோஸ் மூட்டை மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா? மூடச் சொல்லிட்டாங்களா?" என்றாள். தராசுத் தட்டு அவள் கையிலிருந்து நழுவியது.

"இனிமே யாரும் மூடச் சொல்ல மாட்டாங்கடி. கடிதம் வந்துடுச்சு. நம்ம முடிவு நம்மளோடதுதான்."

அவள் அப்போதுதான் அழுதாள். லாரி ஏறிய அன்று அழாதவள், காய்கறிக்கு நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்துக் கடைக்காரம்மா ஓடிவந்து என்னை முறைத்தார்.

இதற்குள் வாண்டு என் கைப்பையைக் குடைந்து முத்திரையைக் கண்டுபிடித்துவிட்டது. மைப்பெட்டியில் தோய்த்து எடுத்துத் தன் வயிற்றில் ஒன்று, முட்டைக்கோஸில் ஒன்று என்று குத்தித் தள்ளியது. கடைசியில் கல்லா மேலிருந்த பழுப்பு உறையை இழுத்து, அது முழுக்க 'மாகாண அரசின் ஒப்புதலுக்கு உட்பட்டு' என்று ஏழெட்டு இடத்தில் ஊதாவாகக் குத்தியது.

தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உறையை வாங்கினாள். உள்ளே கையை விட்டுச் சாவியை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்து, வளையத்தை நகத்தால் பிரித்து, கடைச் சாவியை அதில் கோத்தாள். பிறகு உறையை உள்ளே இருந்த கடிதத்தோடு சேர்த்து நாலாகக் கிழித்தாள்.

"கிழிக்காதேம்மா! நான் குத்தினது!" என்று வாண்டு வீறிட்டது.

"வேற காகிதம் தர்றேன்டி என் ராசாத்தி," என்றேன். "பெரியம்மா ஆபீஸ்ல இருபத்திரண்டு மூட்டை இருக்கு."